தொண்ணூறு மில்லி

1
இந்தக் கதை ஒரு கழிவறைக்குள் நடந்தது. அங்கே நின்ற ஒருவர் எனக்குச் சொன்னார். பெயர்களைப் போடக் கூடாது என்றார்; மாற்றிவிட்டேன். (விளையாட்டையும் மாற்றிவிட்டேன். பளுதூக்குதல் என்றால் நீங்கள் முதல் வரியிலேயே சந்தேகப்பட்டிருப்பீர்கள். ஆகவே கபடி.)

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: ‘இராமநாதபுரம் மைதானத்தின் மேல் செக்கச் சிவந்த சூரியன்...’ வேண்டாம். மகேஸ்வரிக்கு அப்போது சூரியன் பிரச்சினை இல்லை. சிறுநீர் வரவில்லை, அதுதான் பிரச்சினை.

2
மகேஸ்வரி கடலாடிப் பக்கத்து விவசாயி மகள். அன்று காலை இறுதி ஆட்டத்தில் பதினான்கு புள்ளி எடுத்திருந்தாள். தேசிய முகாமுக்கு அவள் பெயர் போவது உறுதி. ஆட்டம் முடிந்த கையோடு ஊக்கமருந்துச் சோதனை அதிகாரி சுலைகா அவளைப் பிடித்துக்கொண்டார். தொண்ணூறு மில்லி வேண்டும். அதையும் சுலைகாவின் கண்முன்னால்தான் பிடித்துக் கொடுக்க வேண்டும். விதி அப்படி.

நாலு பாட்டில் தண்ணீர் உள்ளே போயாயிற்று.

“நீங்க பாத்துக்கிட்டே இருந்தா எப்படிக்கா வரும்?”

“நா மட்டும் ஆசப்பட்டா பாக்குறேன்? கீழக்கரையில எங்க உம்மாகிட்ட என்ன வேலைன்னே இன்னும் சொல்லல.”

மகேஸ்வரி சிரித்துவிட்டாள். சிரிப்போடு அதுவும் வந்தது. [அநாகரிகம் என்று தோன்றினால் இந்த வரியை அடித்துவிடுங்கள். நடந்தது என்னவோ இதுதான்.]

3
அடுத்தது, கழிவறை வாசல் மேசையில் படிவம். கடந்த ஏழு நாளில் எடுத்த மருந்துகளை எழுத வேண்டும். ஆறு நாள் முன்பு, வீங்கிய முழங்காலில் ஓர் ஊசி போட்டிருந்தார்கள். பேனா நின்றது. வெளியே காத்திருந்த பயிற்சியாளர் பால்சாமியைக் கூப்பிட்டாள்.

(இவரை வில்லனாக்க இரண்டு பக்கம் எழுதினேன். கறுப்புக் கண்ணாடிகூட மாட்டிவிட்டேன். மனிதர் ஒத்துழைக்கவில்லை. அவளுடைய செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.)

“சார், எனக்குப் போட்ட ஊசி பேரு என்ன?”

“முட்டி வலிக்குப் போட்டதுதான? அதுக்கென்ன?”

“ஸ்டீராய்டா இருந்தா, போட்டி சமயத்துல ஒடம்புல மிச்சம் இருந்தாலே தடை சார். மொதல்லயே அனுமதி வாங்கியிருக்கணும்” என்றார் சுலைகா.

“ஏம்மா, சதையேத்தவா போட்டோம்? வீக்கத்துக்குத்தான...” பால்சாமி பையைத் துழாவி டாக்டர் சீட்டை எடுத்தார். கொடுக்கவில்லை. “எழுதாட்டி என்ன ஆகும்?”

“புட்டியில இருக்குறது இருக்கும். மறைச்சதாவும் ஆயிரும்.”

“எழுதுனா தப்பிச்சிருவாளா?”

“அத நா சொல்ல ஏலாது.”

மகேஸ்வரி சீட்டை அவர் விரல்களிலிருந்து உருவினாள், போனஸ் கோட்டைத் தொட்டுத் திரும்புகிற... (உவமை வேண்டாம். உருவினாள், அவ்வளவுதான்.)

“நா என்ன திருட்டா செஞ்சேன் சார்? வலிச்சுச்சு, போட்டோம். அதத்தான எழுதுறேன்.”

ஊசியின் பெயரை எழுத்துக்கூட்டி எழுதினாள்.

4
கடலாடி பஸ்ஸில் நான் இல்லை. எனவே இது என் சொந்தச் சரக்கு.

“நா அந்த டாக்டர்கிட்ட கேட்டிருக்கணும் மகேசு.”

“நானும் கேக்கலயே சார்.”

முடிவுகள் மூன்று எழுதினேன். ஒன்றில் தடை, இரண்டு வருடம். இன்னொன்றில் தாமதமாகவேனும் மருத்துவ அனுமதி கிடைத்து முகாமுக்குப் போகிறாள். மூன்றாவதில் அவள் வயல் வரப்பில் நின்று...

எனக்கு இந்தக் கதையைச் சொன்னவரிடமே கேட்டேன். “ஆய்வகத்துக்குப் போற புட்டியில எண் மட்டும்தான் இருக்கும். அதுக்கப்புறம் என்னாச்சுன்னு எனக்கே தெரியாது” என்றார்.

ஆய்வகத்துக்கு அவள் எண் தெரியும், அவளைத் தெரியாது. உங்களுக்கு இப்போது அவளைத் தெரியும். முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவள் எழுதியதை மட்டும் அடித்துவிடாதீர்கள்.