படி கழுவும் முறை

எங்கள் கட்டடத்தில் எட்டுக் குடித்தனத்துக்கும் ஒரே கல் படிக்கட்டு. அதைக் கழுவ முறை உண்டு. 'இந்த வாரம் உங்கள் முறை' என்று எழுதிய அட்டை எந்தக் கதவின் கைப்பிடியில் தொங்குகிறதோ, அந்த வீட்டுக்காரி வாளியோடு முட்டி போட வேண்டும். முடித்தபின் அட்டையை அடுத்த கதவில் மாட்ட வேண்டும். எடின்பரோவில் எங்கள் லீத் பக்கத்தில், இதில் ஏமாற்றுகிறவளுக்குத் திருடியே தேவலை.

நாலாம் மாடி மிஸ் கின்லாக் பதினோரு வருஷம் ஏமாற்றினாள். அட்டை வந்த அன்றே அடுத்த கதவுக்குப் போய்விடும். கேட்டால் நாவல் எழுதுகிறாளாம். நாவல் ஒவ்வொன்றிலும் எங்கள் கட்டடத்து ஆள் ஒருவர் கேவலமாகச் செத்துப்போவார். கீழ்வீட்டு மிஸஸ் டன்னெட்டைத் தொண்டையில் மீன் முள் சிக்கவைத்துச் சாகடித்தாள். அந்த அம்மாள் சண்டைக்குப் போவாள் என்று பார்த்தால், ஆறு பிரதி வாங்கி உறவுக்கெல்லாம் அனுப்பினாள்.

மிஸ் கின்லாக்குக்கு நேர் கீழே, மூன்றாம் மாடியில் நானும் என் புருஷன் மர்டோவும். அவன் கசாப்புக் கூடத்தில் மாடு அடிப்பவன். வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. விலா இரண்டு, பல் மூன்று, பிப்ரவரியில் இடது கை. ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு தடவையும் படியில் வழுக்கி விழுந்தேன் என்பேன். நாலாவது தடவை அங்கே ஒரு நர்ஸ், ஜன்னல் வழியாக ஏணி வைத்து ஏறிப் போனால் என்ன என்று கேட்டாள். நானும் சிரித்து வைத்தேன்.

மர்டோவைவிட எனக்கு மிஸ் கின்லாக் மேல்தான் ஆத்திரம். நான் அலறினால் மேலே டைப்ரைட்டர் நிற்கும். கேட்பாள். நான் ஓய்ந்ததும் முன்னைவிட வேகமாக ஓடும். ஒரு நாள்கூட இறங்கி வந்து கதவைத் தட்டியதில்லை.

அந்த அக்டோபரில் அவளுடைய புது நாவல் வந்தது. அதில் பொண்டாட்டியை அடிக்கிற சிவப்பு மீசைக் கசாப்புக்காரன் ஒருவன் வாத்துக்குப் பயந்து பின்னால் நடந்து, பன்றித் தோல் வழிக்கும் வெந்நீர்க் கொப்பரைக்குள் விழுந்து வெந்துபோகிறான். சனிக்கிழமை காலை கசாப்புக் கூடத்தில் யாரோ அதைச் சத்தமாகப் படித்திருக்கிறார்கள். அத்தனை பேரும் வாத்து மாதிரிக் கத்தியிருக்கிறார்கள்.

மத்தியானம் அரை நாள் வேலை முடிந்து மர்டோ வந்தான். அந்த வாரம் அட்டை எங்கள் கதவில். நான் வாளியில் வெந்நீர் ஊற்றிச் சோப்புக் குழம்பைக் கரைத்து வைத்துவிட்டு, அடுப்பில் கொத்துக்கறியைக் கிளறிக்கொண்டிருந்தேன். வந்த வேகத்தில் என் தலைமயிரைப் பிடித்து மேஜை விளிம்பில் மோதினான்.

"பொண்டாட்டிய அடிக்கிறேன்னு எழுதிட்டுப் போறா. வாத்துக்குப் பயந்தவன்னு எப்படிடீ எழுதலாம்? நீதானே சொன்னே?"

அவன் வாத்துக்குப் பயப்படுவது நிஜம்தான். ஆனால் நான் அந்தப் பெண்பிள்ளையோடு பேசியதே இல்லை. அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு கண் மூடிக்கொண்டது. அவன் அடுப்புக் கிளறும் இரும்புக் கம்பியைக் கையில் எடுத்தான்.

"மேல அவள முடிச்சிட்டு வரேன். அப்புறம் நீ. இந்தத் தடவ ஆஸ்பத்திரிக்கெல்லாம் வேலயில்ல."

இப்படிப்பட்ட விஷயங்களில் மர்டோ சொன்ன சொல் தவறமாட்டான்.

மேலே கதவு உடைந்தது. டைப்ரைட்டர் தரையில் விழுந்தது. பிறகு அவள் அலறினாள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்று கேட்டேன். பதினோரு வருஷம் அவள் கேட்டாளே, ஒரு நாள் நானும் கேட்கிறேன் என்று இருந்தது. முதலில் இனிப்பாகவே இருந்தது, மறைக்கவில்லை. நாலாவது அலறல் என் குரல் மாதிரியே கேட்டது. அப்போதுதான் வாளியைத் தூக்கினேன்.

ஓடியிருக்கலாம். ஒற்றைக் கண்ணோடு, சரியாகக் கூடாத கையோடு எவ்வளவு தூரம் ஓடுவது? ஏறிப் போய் மேல் படியிலிருந்து கழுவ ஆரம்பித்தேன். மொத்தம் பதினாறு படி. உள்ளே அவன் அடிக்க அடிக்க, வெளியே நான் தேய்த்தேன். சோப்பை அலசவில்லை. கடைசிப் படியில் முட்டி போட்டிருந்தபோது அவன் வெளியே வந்தான். கம்பி சிவப்பாக இருந்தது.

"என்னடி பண்றே?"

"இந்த வாரம் நம்ம முறை."

அவன் என்மேல் பாய்ந்தான். லாடம் அடித்த பூட்ஸ், இரண்டாவது படியிலேயே வழுக்கிவிட்டது. மண்டை ஒவ்வொரு கல்லாக இடித்துக்கொண்டு இறங்கியது. வாளி கவிழாமல் நகர்த்தி வைத்தேன். கழுத்து திரும்பிக் கிடந்தவன் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். அப்புறம் பார்க்கவில்லை. அதன் பிறகுதான் கூச்சல் போட்டு ஆட்களைக் கூப்பிட்டேன்.

போலீஸ் சார்ஜென்ட் கதவில் தொங்கிய அட்டையைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். இந்தப் படியே இப்படித்தான், இந்தப் பாவப்பட்டவளே நாலு தடவை விழுந்திருக்கிறாள் என்று மிஸஸ் டன்னெட் அழுதாள். ஆஸ்பத்திரிக் காகிதமும் அதையே சொன்னது. இவ்வளவு மோசமான படிக்கு இவ்வளவு சோப்பு ஆகாது என்று சார்ஜென்ட் எனக்குப் புத்தி சொன்னார். இனிமேல் குறைத்துப் போடுகிறேன் என்றேன்.

மிஸ் கின்லாக் பிழைத்துக்கொண்டாள். மண்டையில் தையல், வலது கையில் மூன்று விரல் நொறுங்கி வளையாமல் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று என் கதவைத் தட்டினாள், பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக.

"ப்ரஷ் சத்தம் கேட்டுது நெட்டா. மேல் படியிலேருந்து. அவன் உள்ள இருக்கும்போதே."

அந்தக் காலத்தில் அதற்குத் தூக்கு. படியில் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தேன். யாரிடமாவது சொன்னாளா என்று கேட்டேன்.

"இல்ல. எழுதலாமான்னு பாக்கறேன்."

கட்டுக்கு நடுவே அவள் கண் பளபளத்தது. அந்த ஆசையைப் பார்த்ததும் என் பயம் போய்விட்டது. 

"எழுதுங்க. டைப்ரைட்டர் நின்னு நின்னு ஓடிச்சே, அதையும் சேத்து எழுதுங்க."

நான் என் கதவில் தொங்கிய அட்டையை எடுத்து அவள் நல்ல கையில் கொடுத்தேன்.

அதை அவள் எழுதவே இல்லை. அடுத்த நாவலில் ரோமாபுரியில் ஒரு பிஷப் விக்கல் எடுத்துச் செத்தார், சுரத்தே இல்லை என்று பத்திரிகைகள் எழுதின. ஆனால் அவள் முறை வரும் வெள்ளிக்கிழமைகளில் படி தேய்க்கிற சத்தம் தவறாமல் கேட்கும். வளையாத விரல்களோடு மெதுவாகத்தான் தேய்ப்பாள். வலித்தால் முனகிக்கொண்டு நிறுத்துவாள். நான் தேநீரை ஆறவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு நாள்கூட எழுந்து போய் வாளியைப் பிடித்ததில்லை.