பார்ட்லியின் பேச்சிலிருந்து வந்த மரம்

பெருங்காற்று அடித்த ஆண்டின் இலையுதிர்காலத்தில், நாக்குக் குழறிப்போன பார்ட்லி சொல்வதை யாராவது புரிந்துகொண்டபோதெல்லாம், அவர் வீட்டுச் சுவரோரம் இழைத்த பலகை ஒன்று வந்து நின்றது. கானமாராக் கரைக்கு அப்பாலுள்ள எங்கள் தீவில் மரம் முளைத்ததில்லை. கூரைக்கும் தொட்டிலுக்கும் சவப்பெட்டிக்கும் கடல் ஒதுக்கும் கட்டைதான். காற்று கூரையைக் கொண்டுபோன அன்றே பார்ட்லிக்குப் பக்கவாதம் வந்தது. மனைவி நாப்லா படகுப் பாயை மேலே கட்டி, அதன் கீழே அவரைக் கிடத்தியிருந்தாள். பனிக்கு முன் கூரை எழும்பாவிட்டால் அவர் பிழைக்கமாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும்.

முதல் பலகை பக்கத்து வீட்டு சொரகாவால் வந்தது. பால் கொடுக்க வந்தவள், அவசரப்படாமல் உட்கார்ந்து அவர் குழறியதைக் கேட்டுவிட்டு, "கிழங்குல உப்பு இல்லையாம், நாப்லாக்கா" என்றாள். பலகை வந்து நின்றது.

பங்குச் சாமியார் வியக்கவில்லை. ஒருவர் பேச்சு விளங்காவிட்டால் 'இதிலிருந்து மரம் எடுக்க முடியல' என்பது எங்கள் வழக்கம். மரத்துக்கு நாங்கள் சொல்லும் 'ஐமத்' என்ற சொல், பழைய நாளில் எதையும் ஆக்குவதற்கான பொருளைக் குறித்ததாம், பாட்டுக்கான பொருளையும்கூட. "சொல்லோட அர்த்தம் நம்ம வாயில சுருங்கிப்போச்சு. கடவுள் மறக்கல, அவ்வளவுதான்" என்றார் சாமியார்.

ஊரே வந்து உட்கார்ந்தது. புரிந்ததுபோல் தலையாட்டியவர்களுக்குச் சிராய்கூடக் கிடைக்கவில்லை. "ஏய் மக்தாரா, பொண்டாட்டி பேச்சையே நீ காதுல வாங்கினதில்ல. உனக்கு எங்கேருந்து பலகை வரும்?" என்று அப்படித் தலையாட்டிய ஒருவனைப் பார்த்துச் சிரித்தாள் சொரகா. பொறுமையாகக் கேட்டவர்களால் பலகைகளும் கைமரங்களும் சேர்ந்தன. கூரையைத் தாங்கும் முகட்டு உத்திரம் மட்டும் வரவில்லை.

நாப்லாவைப் பார்த்தால் மட்டும் பார்ட்லி "ஸ்... ஸ்..." என்பார். "கோழிய விரட்டுற மாதிரி விரட்டுறாரு. இவ்வளவு செஞ்சும்" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

முதல் பனி விழுந்த மாலை, கடற்பாசிக் கூடையோடு உள்ளே வந்தவளைப் பார்த்து அவர் மறுபடி அதையே சொன்னார். அவளுக்கு நடக்கவும் தெம்பில்லை. "என்னதான் வேணும் உங்களுக்கு?" என்று நின்றாள். அவர் கண் அவளுடைய வெடித்த பாதங்களின் மேல் இருந்தது. எங்கள் மொழியில் உட்காரச் சொல்லும் சொற்கள் அந்த எழுத்தில்தான் தொடங்கும்.

"உக்காரச் சொல்றீங்களா? என்னையா?"

அவர் கண்ணை மூடித் திறந்தார். நாப்லா கூடையை இறக்கிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். வெளியே ஏதோ கனமாகச் சுவரில் சாய்ந்தது. அவள் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

விடிந்ததும் ஆண்கள் வந்து உத்திரத்தை ஏற்றினார்கள். நீளம் சரியாக இருந்தது, அறுக்க வேண்டியிருக்கவில்லை. அவர்கள் புல் வேய்ந்து இறங்கும்வரை நாப்லா அவர் பக்கத்தை விட்டு எழவே இல்லை.