பெரியகல்லாற்றுக்கு ஓர் ஐஸ் தொழிற்சாலை

தனுஷா மட்டக்களப்பில் ஒரு வங்கியின் வணிகக் கடன் பிரிவை நடத்துகிறாள். பெரியகல்லாற்றில் ஐஸ் தொழிற்சாலை கட்ட மீன் வியாபாரி அன்னப்பூரணி கடன் கேட்டிருந்தார். மாரியில் படகுகள் கடலுக்குப் போவதில்லை, ஐஸ் விற்காது என்பதால் மறுத்துவிடலாம் என்று தனுஷா குறிப்பு எழுதினாள். பிரிவுக் கூட்டத்தில் ஸுஹைனா எழுந்தாள். அவள் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம்தான்.

"மிஸ், இது பிழை. மாரியிலயும் வாவியில இறால் படுகுது. நான் ரெண்டு தரம் போய்ப் பார்த்தன். ஐஸ் தூரத்தில இருந்து வந்து சேருறதுக்கு முன்னமே பாதி இறால் பழுதாகிடுது."

தனுஷாவுக்கு முகம் சூடேறியது. ஆனாலும் ஸுஹைனாவின் தாள்களை வாங்கி முழுவதும் வாசித்தாள்.

"ஓம், நான் கடலை மட்டும்தான் பார்த்திருக்கன். நாளைக்குக் கொழும்புத் தலைமையகத்துக்கு நீங்களே சொல்லுங்க."

"நானா மிஸ்?"

"போய்ப் பார்த்தது நீங்கதானே."

மறுநாள் காணொளிக் கூட்டத்தில் மேலதிகாரிகள் கேட்ட எல்லாவற்றுக்கும் ஸுஹைனா தடுமாறாமல் பதில் சொன்னாள். பக்கத்தில் இருந்த தனுஷா ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியிருக்கவில்லை. அதில் அவளுக்குப் பெருமையாக இருந்தது.

கடன் அனுமதியானது. ஸுஹைனாவே அன்னப்பூரணிக்குத் தொலைபேசியில் சொன்னாள்.

"அப்ப கட்டடம் கட்ட மேசனை நாளைக்கே வரச் சொல்லவா, மகள்?" என்று கேட்டார் அன்னப்பூரணி.