முதல் தூள்

குமாரசாமி டீயை உறிஞ்சிய சத்தம் பழைய ஸ்கூட்டர் கிளம்புவதுபோல இருந்தது. வாயில் சுழற்றித் தொட்டியில் துப்பினார். கோயமுத்தூர் ஏலத்துக்கு வரும் டீத்தூளை ருசி பார்த்துத் தரம் சொல்வது அவர் தொழில். ஒரு சொட்டுகூட விழுங்க மாட்டார்.

எதிரே பெருந்துறை மஞ்சள் வியாபாரி தம்பிதுரை நின்றிருந்தார். கோத்தகிரிப் பக்கம் காடேறிக் கிடந்த தேயிலைத் தோட்டத்தை வாங்கி, மரமாகிப்போன செடிகளை இடுப்பளவுக்கு வெட்டி, மூன்று வருஷம் காத்திருந்து எடுத்த முதல் தூள் இது. மனைவி சண்முகப்பிரியா கறாராகச் சொல்லியிருந்தார்: தூள் ஏலத்தில் ஏறினால் தோட்டம் நமக்கு, ஏறாவிட்டால் அதை விலைக்குக் கேட்டுக்கொண்டிருக்கும் ரிசார்ட்காரருக்கு. காத்திருந்ததில் ஆசையும் பயமும் தம்பிதுரைக்கு மரத்துப்போயிருந்தன. ஏதாவது ஒன்று சீக்கிரம் தெரிந்தால் போதும்.

குமாரசாமி, தம்பிதுரை கொண்டுவந்திருந்த தூள் பையில் மூக்கை விட்டு முகர்ந்தார்.

“ஏனுங்க, இதை எங்க வெச்சிருந்தீங்க?”

கூலிக்குத் தூளாக்கிக் கொடுத்த பேக்டரியிலிருந்து நேராகத் தன் குடோனில் இறக்கியதாகச் சொன்னார் தம்பிதுரை. விலை ஏறட்டும் என்று இரண்டு மாதம் விட்டுவைத்திருந்தார். மஞ்சளை அப்படித்தான் வைப்பார்.

“மஞ்சளோடயா?”

“பக்கத்துலதானுங்க. மூட்டைய தனி அட்டியா அடுக்கியிருந்தேன்.”

“டீத்தூளு பக்கத்துல இருக்கற வாசத்தையெல்லாம் இழுத்துக்குமுங்க. இலை அருமையான இலை. ஆனா, இதைப் பாலுல போட்டுச் சளிக்குத்தான் குடிக்கோணும். ஏலத்துல ஏத்த முடியாதுங்க.”

சொல்லிவிட்டுக் குமாரசாமி சிரிக்க, தம்பிதுரையும் சிரித்தார். கேலி நன்றாக இருந்தால் சிரித்துவிடுவது வியாபார மரியாதை. அடுத்த கொழுந்தின் தூளை இங்கேயே இறக்கச் சொன்னார் குமாரசாமி. அடுத்தது இல்லை என்று தெரிந்தே, சரிங்க என்றார் தம்பிதுரை.

காரில் உட்கார்ந்து மனைவியை அழைத்தார்.

“ஏறலை அம்மணி. மஞ்ச வாசம் அடிக்குதாமா.”

சண்முகப்பிரியா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் குடோனைப் பார்த்துக்கொள்பவர்.

“நம்ம குடோன்ல ஏதுங்க மஞ்ச வாசம்?”

நிஜமாகவே கேட்டார். தம்பிதுரை ஒரு பிடித் தூளை அள்ளி முகர்ந்தார். மஞ்சளிலேயே ஊறிய அவர் மூக்குக்கும் டீ வாசம்தான் வந்தது. நல்ல டீ வாசம். அதைத் திரும்பப் பையில் கொட்டிவிட்டு ரிசார்ட்காரரைக் கூப்பிட்டார்.

“தோட்டத்தை எடுத்துக்குங்க” என்றார், சாப்பாட்டு இலையில் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்கிற குரலில்.