படகுச் செலவு

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் சாப்பாட்டு மேசையைத் துடைக்கச் சொன்னார். மனைவி துடைத்தாள். துடைத்த மேசையைத் தன் கைக்குட்டையால் இன்னொரு தடவை துடைத்துவிட்டு, அளவுகோல், நீலப் பேனா, சிவப்புப் பேனா, பென்சில், அழிப்பான் ஐந்தையும் குழுப் புகைப்படத்துக்கு நிற்பவர்களைப் போல உயரவாரியாக அடுக்கினார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேலே நடுவில் ‘இருபத்தொரு நாள் வெளிநாட்டுப் பயிற்சிப் பயணம்: செலவு மதிப்பீடு’ என்று எழுதி, அடியில் இரட்டைக் கோடு போட்டார். கோடு கோணவில்லை. அவர் முகத்தைப் பார்த்தவர்களுக்குப் பயணம் பாதி முடிந்துவிட்டது என்றுதான் தோன்றியிருக்கும்.

பயணம் அவருடையது அல்ல, மனைவியுடையது. அவள் பெரிய ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சியாளர். பக்கவாதம் வந்து பேச்சு போனவர்களுக்குப் படம் ஒட்டிய அட்டைகளைக் காட்டி, கதவு, குடை, நாற்காலி என்று ஒவ்வொரு சொல்லாகத் திரும்ப வாங்கித் தருவது வேலை. ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் எட்டு மாதமாக வருகிறார். எந்த அட்டையைக் காட்டினாலும் ‘பார்க்கலாம்’ என்பார். முப்பது வருட உத்தியோகத்தில் அதிகம் புழங்கிய அந்தச் சொல் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அப்படிப்பட்டவர்களை எப்படி நகர்த்துவது என்று வெளிநாட்டுப் பெருநகரம் ஒன்றின் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் சொல்லித்தருகிறார்கள். உலகம் முழுக்கப் பன்னிரண்டே பேர். மூன்று வருடம் விண்ணப்பித்து இந்த வருடம் அவளுக்கு இடம் கிடைத்தது. வயது ஐம்பதுக்குக் குறைவாக இருக்கவேண்டும், அவளுக்கு நாற்பத்தொன்பது. விமான டிக்கெட்டை அந்த ஆஸ்பத்திரியின் அறக்கட்டளை எடுத்துவிடும், அங்கே தங்குகிற செலவு முழுவதையும் அதுவே தரும். ஒரே நிபந்தனை, எவ்வளவு ஆகும் என்று வருகிறவரே விசாரித்து எழுதி, இரண்டு வாரத்துக்குள் அனுப்பவேண்டும்.

அவள் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தாள். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு அறை, சாப்பாடு, ரயில், குளிருக்கு ஒரு கோட்டு, இதரச் செலவு. எல்லாவற்றுக்கும் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில், ‘படகு, ஒரு தடவை’. அவர்கள் அனுப்பிய கையேட்டில் நகரத்தின் நடுவே ஓர் ஆறு ஓடுவதாகவும் ஞாயிற்றுக்கிழமைகளில் மக்கள் அதில் படகில் போய்வருவதாகவும் போட்டிருந்தது.

கணவர் அந்தக் காலண்டர் தாளை ஓரத்தில் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். வடிகால் வாரியத்தில் அவர் பயணப்படிப் பிரிவின் கண்காணிப்பாளர். ஊர் சுற்றிவிட்டு வருகிற அதிகாரிகளின் பில்களை இருபத்தாறு வருடமாக வெட்டிக்கொண்டிருப்பவர். அலுவலகத்தில் அவருக்கு ‘கத்தரி’ என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்ததுதான். ஆனால் அது முதன்முதலாகக் காதில் விழுந்த நாளில் அவருக்குப் பதவி உயர்வு கிடைத்த மாதிரி இருந்தது. அவர் வெட்டுவார் என்பதால் எல்லோரும் பத்து ஆனதைப் பதினைந்து என்று எழுதுவார்கள், அவர் ஐந்தை வெட்டுவார், நேர்மையாக நடந்துகொண்ட நிம்மதியோடு இரு தரப்பும் வீட்டுக்குப் போகும்.

“இதென்ன, இதரச் செலவு?”

“ஏதாவது ஆச்சுன்னா கையில இருக்கட்டுமேன்னு.”

“என்ன ஆகும்?”

“என்னன்னு தெரிஞ்சா அந்தப் பேர்லயே எழுதிருப்பேனே.”

“இதரம்னு ஒருத்தன் எழுதினா அங்க திருட்டு குடித்தனம் பண்ணுதுன்னு அர்த்தம்.” சிவப்புப் பேனாவின் மூடி திறந்தது.

அந்த நகரம் கத்தரிக்கு மனப்பாடம். அவர் விமானம் ஏறியதில்லை. ஆனால் வாரியத்தின் இயக்குநர் நான்கு தடவை அங்கே போய்வந்தவர். வடிகால்களை ஆராயத்தான். ‘இந்நகரின் கழிவுநீர் தரைக்கு அடியில் ஓடுவதால் நேரில் காண இயலவில்லை’ என்ற வரி நான்கு அறிக்கையிலும் வரும். நான்கு தடவையும் வந்த பில்களை வரி வரியாகப் படித்தவர் கத்தரி. விமான நிலையத்திலிருந்து டாக்சிக்கு எவ்வளவு, ரயிலுக்கு எவ்வளவு, எந்தத் தெருவில் ரொட்டி விலை குறைவு, எந்தக் கடையில் குடை கிடைக்கும் எல்லாம் தெரியும். இயக்குநர் ஒவ்வொரு தடவையும் ஒரு குடை வாங்குவார். வானத்தை ஒரு தடவைகூடப் பார்க்காமல் அந்த ஊரை இவ்வளவு நெருக்கமாக அறிந்தவர் வேறு யாரும் இருக்கமுடியாது.

இதரத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து அறை போனது. நகரத்தின் விளிம்பில் எட்டுக் கட்டில் போட்ட ஒரு விடுதி இருந்தது.

“எட்டுப் பேரா?” என்றாள்.

“தூங்கும்போது எட்டுப் பேர்னு தெரியவா போகுது?”

அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு இரண்டு ரயில் மாறவேண்டும். நடந்தால் ஒரு மணி பத்து நிமிடம். “டாக்டரே உன்னை நடக்கத்தான் சொல்றார்” என்று ரயிலை அடித்தார். குளிர்க்கோட்டுக்கு மைத்துனனிடம் மழைக்கோட்டு இருந்தது. சாப்பாட்டுக்கு வந்தபோது கையேட்டைப் பிரித்து ஓரிடத்தில் விரலை வைத்தார். “பதினோரு மணிக்கு டீ குடுக்கறாங்க. டீன்னா கூட பிஸ்கட் இருக்கும். பிஸ்கட் இருந்தா மதியத்துல பாதி முடிஞ்சுது.” மதியத்தில் பாதியை வெட்டினார். கடைசியாகப் பேனா படகில் வந்து நின்றது.

“படகுல போய் என்ன படிக்கப் போற?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “ஒண்ணும் படிக்கமாட்டேன்.”

“அப்புறம்?”

“சும்மா உக்காந்துட்டு வருவேன்.”

அவர் கடிந்துகொள்ளவில்லை. குழந்தையின் கையிலிருந்து எதையோ பக்குவமாக வாங்குகிற மாதிரி மெதுவாகத்தான் கோடு போட்டார். கோடு ‘ஒரு தடவை’யையும் சேர்த்துக்கொண்டு போனது. அவள் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்தவர் வாயிலிருந்து சொல் வரும்வரை காத்திருப்பது அவளுடைய தொழில். வீட்டிலும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் மழைக்கோட்டோடு அவள் தம்பி வந்தான். பழைய கார்களை வாங்கி விற்பவன், எந்த விலையையும் கூட்டியே சொல்லிப் பழகியவன். மதிப்பீட்டை ஒரு தடவை பார்த்தான், கையிலிருந்த மழைக்கோட்டை ஒரு தடவை பார்த்தான்.

“மாமா, குடுக்கறவன் குடுக்கறேங்கறான். நடுவுல நீங்க ஏன் அவன் கையப் பிடிக்கறீங்க?”

“அடுத்தவன் காசுன்னா அள்ளி எழுதறதா? இந்தத் தாளைப் பார்த்ததும் அந்த ஊர்க்காரன் அசந்துடுவான். இப்படியும் ஒரு குடும்பமான்னு யோசிப்பான்.”

“யோசிப்பான் மாமா. அதான் பயமா இருக்கு.”

அக்கா சிரித்துவிட்டு, சிரித்ததை மறைக்க உள்ளே போனாள்.

மறுநாள் கத்தரி மதிப்பீட்டை அலுவலகத்துக்கு எடுத்துப் போனார். பிரிவில் இருந்தவர்கள் கையிலிருந்து கைக்கு வாங்கிப் பார்த்தார்கள். பயிற்சி வகுப்பில் பாடமாக வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அப்படிச் சொன்னவருடைய பில் ஒன்று கத்தரியின் மேசையில் நிலுவையில் இருந்தது. அந்தப் பாராட்டோடு நின்றிருக்கலாம். கத்தரி மாடியேறி இயக்குநரிடமும் காட்டினார். அந்த ஊரில் நாலு தடவை குடை வாங்கியவருக்கு ஒரு நேர்மையான மனிதன் அங்கே எவ்வளவில் இருப்பான் என்று காட்டவேண்டும் என்பது உள்ளே கிடந்த ஆசை. இயக்குநர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரிவரை படித்தார்.

“இந்தக் காசுல அந்த ஊர்ல புறா கூட மூணு வாரம் இருக்காதுய்யா. பெரிய எடம். ஏத்திப் போடுங்க.” அவர் குரலில் கிண்டல் இல்லை. “அங்கெல்லாம் நம்ம மாதிரி கூட்டி எழுதி வெட்டறது கிடையாது. எழுதினத எழுதினபடி நம்புவாங்க.”

கத்தரி புன்னகைத்தார். குடை வாங்கியவர் வேறு எப்படிப் பேசுவார்? கீழே வந்து உட்கார்ந்து, மதிப்பீட்டிலிருந்து ஒரு சோப்பையும் வெட்டினார்.

அனுப்பவேண்டிய நாள் காலையில், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவள் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள். “நான் எழுதினதையே அனுப்பிடலாமா?”

“ஏன், என்மேல நம்பிக்கை இல்லையா?”

இருபத்துநாலு வருடக் குடித்தனத்தில் அந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் சொல்லும் வழக்கம் ஏற்பட்டிருக்கவில்லை. போட்ட செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கையெழுத்துப் போட்டாள். அவள் எழுதியிருந்த தொகையில் சரியாக மூன்றில் ஒரு பங்குக்கு.

பதில் பத்தொன்பதாம் நாள் வந்தது. அவள் அடுக்களையில் நின்றபடியே பிரித்தாள். முதலில் தனக்குள் படித்தாள். பிறகு, ஆஸ்பத்திரியில் படிக்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, அவருக்கும் கேட்கும்படி படித்தாள். விண்ணப்பத்துக்குத் தேர்வுக் குழு நன்றி சொல்லியிருந்தது. குறிப்பிட்ட தொகையில் எங்கள் நகரத்தில் மூன்று வாரம் யாரும் பாதுகாப்பாகத் தங்க இயலாது. பயணத்தைத் தாங்கள் உண்மையாகவே திட்டமிடவில்லை என்று கருதுகிறோம். தங்கள் இடம் காத்திருப்போரில் அடுத்தவருக்குத் தரப்பட்டுவிட்டது. தகவலுக்காக, ஒருவருக்கு வழக்கமாக ஒதுக்கும் தொகையின் விவரம் இணைக்கப்பட்டுள்ளது.

இணைப்பை அவள் படிக்கவில்லை, அவரிடம் நீட்டினாள். அதில் அறை இருந்தது, ரயில் இருந்தது. குளிர் உடைக்கென்று தனியாக ஒரு வரி இருந்தது. ‘இதரச் செலவு’ இருந்தது. அதற்குக் கீழே ‘ஓய்வு நாள்களில் ஊர் சுற்றிப் பார்க்க’ என்று ஒரு வரி. மொத்தம், காலண்டர் தாளில் இருந்ததைவிடக் கொஞ்சம் அதிகம்.

கத்தரி உள்ளே போய்த் தன் நகலை எடுத்துக்கொண்டு வந்தார். மேலிருந்து கீழே ஒரு தடவையும் கீழிருந்து மேலே ஒரு தடவையும் கூட்டிப் பார்த்தார்.

“கூட்டல் சரியாத்தான் இருக்கு” என்றார்.

“கூட்டல் சரியாத்தான் இருக்கும்” என்றாள்.

அவர் தன் நகலை நாலாக மடித்தார். “அடுத்த வருஷம் பார்க்கலாம்.”

அவள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். “என் பேஷண்ட்தான் இப்படிப் பேசுவார். அவருக்காவது பக்கவாதம்.” பிறகு அடுப்பைச் சின்னதாக்கினாள். “அடுத்த வருஷம் எனக்கு அம்பது.”

அவர் திருத்திய மதிப்பீடு ஒன்றை எழுதினார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தாராளமாக எழுதினார். டாக்சி போட்டார், இதரம் போட்டார், யாரும் கேட்காத ஒரு குடைகூடப் போட்டு அனுப்பினார். பன்னிரண்டு பேர் பட்டியல் முடிந்துவிட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

அவள் சண்டை போடுவாள் என்று காத்திருந்தார். சண்டை வந்தால் பதில் சொல்லலாம், வாதம் இருந்தது. அவள் போடவில்லை. வழக்கமான நேரத்துக்குப் போனாள், வழக்கமான நேரத்துக்கு வந்தாள். மழைக்கோட்டு கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. தம்பி இரண்டு தடவை வந்தான், கோட்டைக் கேட்கவில்லை, மாமாவைக் கிண்டலும் செய்யவில்லை. கிண்டல் செய்யாததுதான் அவருக்குச் சங்கடமாக இருந்தது.

பயிற்சி நடக்கவேண்டிய மூன்று வாரமும் வந்தது. அதன் ஒவ்வொரு மணி நேரமும் அவருக்குத் தெரியும், எழுதியவர் அவர்தானே. காலையில் முகம் கழுவும்போது, இந்நேரம் எட்டுக் கட்டில் அறையில் யாரோ குறட்டை விட அவள் எழுந்து உட்கார்ந்திருப்பாள் என்று தோன்றும். பஸ்ஸில் நிற்கும்போது, அவள் அந்த ஊர் மழையில் நடந்துகொண்டிருப்பாள். பதினோரு மணிக்கு பியூன் டீ கொண்டுவந்து வைத்தால், கூட பிஸ்கட் இருக்கிறதா என்று பார்ப்பார். இருக்காது. மதிப்பீட்டில் அவளுக்கு எழுதிய பாதி மதியச் சாப்பாட்டோடு பிற்பகலை அவரே கடக்கவேண்டியிருந்தது. ஒன்பதாம் நாள் அவருக்குக் கால் வலித்தது.

இரண்டு மாதம் கழித்து இயக்குநர் ஐந்தாவது தடவையாக அந்த நகரத்து வடிகால்களை ஆராய்ந்துவிட்டு வந்தார். பில்கள் கத்தரியின் மேசைக்கு வந்தன. ஓட்டல், டாக்சி, குடை. நடுவில் ஒரு சின்னச் சீட்டு. நீல நிறத்தில் படகு ஒன்று அச்சடித்து, ஒரு நபர், ஒரு தடவை என்று போட்டிருந்தது. அவர் அதை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். பிறகு மாடியேறினார்.

“சார், படகு எப்படி இருந்தது?”

வெட்டத்தான் வந்திருக்கிறான் என்று இயக்குநர் நாற்காலியில் நிமிர்ந்தார். “அதுவும் ஆய்வுதான்யா. ஆத்துலதானே எல்லாம் வந்து விழுது.”

“அதுக்கில்ல சார். எப்படி இருந்ததுன்னு.”

இயக்குநர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாய்ந்துகொண்டார். “ஒரே மழை. ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஆவி. ஒண்ணும் தெரியல. உள்ள உக்காந்து தூங்கிட்டேன்.”

கத்தரி கீழே வந்து அந்தப் பில்லில் எதையும் வெட்டாமல், குடை உட்பட, கையெழுத்துப் போட்டார். பிரிவே அவருக்கு உடம்பு சரியில்லை என்று பேசிக்கொண்டது. பதினைந்து எழுதிப் பதினைந்தும் கிடைத்ததில் இயக்குநருக்கே அன்று பாதி நாள் நிம்மதி இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் சாப்பாட்டு மேசையைத் தானே துடைத்து, பழைய பத்திரிகைகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் அட்டைகள் நைந்துவிட்டன. புதிதாகப் படம் வெட்டி ஒட்டவேண்டும். அவர் எதிரே நின்றார். நிற்பதைப் பார்த்துவிட்டு அவள் கத்தரிக்கோலை அவர் பக்கம் தள்ளினாள்.

“சும்மாதானே இருக்கீங்க. வெட்டித் தாங்க.”

அவர் உட்கார்ந்து வெட்டினார். நாற்காலி, கதவு, ஒரு கோப்பை. கோட்டிலிருந்து மயிரிழை விலகாமல் வெட்டினார். அவள் கோப்பையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். கைப்பிடி நூல் மாதிரி ஆகியிருந்தது.

“இவ்ளோ ஒட்டி வெட்டாதீங்க. சுத்திக் கொஞ்சம் இடம் விடுங்க. இல்லேன்னா பாக்கறவங்களுக்கு இது என்னன்னே புரியாது.”

“எவ்ளோ இடம்?”

“அதெல்லாம் அளவு இருக்கா? கொஞ்சம்.”

அவர் அடுத்த பத்திரிகையைப் புரட்டினார். இரண்டு பக்கத்துக்கும் விரிந்த ஓர் ஆறு, அதில் ஒரு படகு. எந்த ஊர் என்று போடவில்லை. அவள் ஒட்டுவதை நிறுத்திவிட்டுப் படத்தைப் பார்ப்பது அவருக்குத் தெரிந்தது. அவர் தலையைத் தூக்கவில்லை. படகை விட்டுத் தள்ளிக் கத்தரியை வைத்தார். கொஞ்சம் தண்ணீர் இருக்கட்டும் என்று இன்னும் தள்ளினார். கரையில் இரண்டு பேர் நின்றார்கள், அவர்களை விடமுடியவில்லை. அவர்களுக்கு மேலே வானம் இருந்தது. எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் கத்தரி போய்க்கொண்டே இருந்து, தாளின் ஓரத்தில் வந்து நின்றது.