புகை ஊதியவன் எழுதுவது

1

ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை என் மூளையிலிருந்து வரவில்லை. என் பழைய காரின் எஞ்சினுக்குள்ளிருந்து 'ஸ்ஸ்ஸ்' என்று வந்தது. எனக்கு மகள் பிறந்து மூன்று நாள்! பதினொரு மணிக்கு அவளையும் என் மனைவி மிலித்சாவையும் கிராலேவோ நகர ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வர வேண்டும். காரோ, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் அணைந்துபோகிறது.

"இலையுதிர்காலத்தின் பொன்னிற ஒளியில் பழைய காரொன்று..." [வேண்டாம். அப்பாவாகிவிட்டவனுக்குப் பொன்னிற ஒளிக்கெல்லாம் ஏது நேரம்?]

2

என் அக்கா ரொசாந்தா பஸ் டிப்போவில் மெக்கானிக். "புகை நாத்தம் அடிக்கிற யாரும் என் குழந்தையத் தூக்கக் கூடாது" என்று மிலித்சா சொன்ன நாளிலிருந்து அக்கா சிகரெட்டைத் தொடவில்லை. இன்றோடு நாற்பத்து மூன்று நாள்.

பக்கத்து வீட்டு புதிமிர் காலையிலேயே வந்து, எங்கள் ஊர் வழக்கப்படி புது அப்பாவான என் சட்டையைக் கிழிக்கும் கடமையை முடித்துவிட்டு, பிளம் சாராயத்தோடு முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

"எங்கயோ காத்து இழுக்குதுடா," என்றாள் அக்கா. "எஞ்சின அணைச்சிட்டு உள்ள புகை விட்டா, ஓட்டை தானா காட்டிக் குடுக்கும்."

[டாக்சி கூப்பிடலாமே என்கிறீர்கள். நானும் கேட்டேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தைரியமில்லை.]

3

முதல் வரைவில் அக்காவையே சிகரெட் பிடிக்க வைத்திருந்தேன். தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டாள்.

"நாப்பத்து மூணு நாள்டா! நான் அந்தப் புள்ளையத் தூக்கணும். அடி அந்த வரிய!"

அடித்துவிட்டேன்.

இரண்டாம் வரைவில் புதிமிர். ஒரு இழுப்பு இழுத்து, எஞ்சினுக்குள் புகை விடும் ரப்பர் ஹோஸில் வாயை வைப்பார். என் கிழிந்த சட்டை கண்ணில் படும். உடனே சிரிப்பு பீறிட, புகை மூக்கு வழியே போய்விடும். மூன்று முறை இதே கதை.

"மன்னிச்சுக்கோ தம்பி, உன் தொப்புள் என்னையே பாக்குது!"

இன்னொரு புகைப்பவரைக் கற்பனை செய்திருக்கலாம். ஆனால் மணி பத்தரை. மிச்சமிருந்தது, வாழ்நாளில் சிகரெட் பிடிக்காத கதாசிரியன்.

4

கழன்று தொங்கிய என் சட்டைக் கையைச் சுருட்டி, எஞ்சினுக்குக் காற்று போகும் கார்புரேட்டர் வாயை அக்கா அடைத்தாள். எஞ்சினிலிருந்து பிரேக்குக்குப் போகும் காற்று ஹோஸின் மறுமுனையைக் கழற்றி என் வாயில் திணித்தாள். புதிமிரின் சிகரெட்டை இழுத்தேன், ஊதினேன், இருமினேன். உலகம் ஒரு சுற்று சுற்றியது.

"ஊதுடா! பெத்தவளே அழல, நீ எதுக்கு அழற?"

ஐந்தாம் ஊதலில், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் ஒல்லிக் குழாயின் முனையிலிருந்து நூல் போலப் புகை எழுந்தது. வெடிப்பு! அக்கா கத்தினாள், நான் கத்தினேன், புதிமிர் எதற்கென்று தெரியாமலே கத்தினார். வெடித்த முனையை வெட்டியெறிந்து, நல்ல பக்கத்தை இழுத்துச் செருகி, பிரேக் ஹோஸைத் திரும்ப மாட்டி, சட்டைத்துணியை உருவிவிட்டுச் சாவியைத் திருப்பினோம். காலை எடுத்தும் எஞ்சின் அணையவில்லை. அதன் மூடிக்கு முத்தம் கொடுத்தேன், உதடு சுட்டது.

5

பதினொன்று ஐந்து. ஆஸ்பத்திரி வாசலில் மிலித்சா, கையில் சுருட்டிய போர்வை. அக்கா சட்டைப்பையிலிருந்து சோப்பை எடுத்துக் காட்டினாள். இரண்டு முறை கை கழுவியிருந்தாளாம். நான் கைகளை நீட்டிக்கொண்டு ஓடினேன்.

மிலித்சா மூக்கைச் சுளித்தாள்.

"சிகரெட்டா? நீயா?"

"கார்... ஓட்டை... நான் வந்து..."

"அண்ணி, நீங்க வாங்க."

[மகளை முதலில் தூக்கியது யார் என்பதுதான் அடுத்த வரி. வாசகரே, அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் மாட்டேன். நான் அவள் அப்பா.]