சுவர்ப் பக்கம்

கருணாகரனுக்குச் சர்க்கரை இல்லை, ரத்தக் கொதிப்பு இல்லை. இருந்த ஒரே வியாதி அய்யாதுரை.

பன்னிரண்டு வருஷம் இரண்டு பேரும் ஒரே நீராவி எஞ்சினை ஓட்டியவர்கள். போகும்போது ஒருவர், வரும்போது ஒருவர். எழும்பூர், விழுப்புரம், மறுபடி எழும்பூர். தன் வண்டி இரண்டு நிமிஷம் தாமதமானால், முன்னால் ஓட்டியவன் நெருப்பைச் சுத்தமாக வைக்கவில்லை என்று கருணாகரன் ரிப்போர்ட் எழுதுவார். அய்யாதுரையின் வண்டி தாமதமே ஆகாது. அதனால் பதிலுக்கு அவர் ஒன்றும் எழுத நேர்ந்ததில்லை. அய்யாதுரை விசில் கொடுத்தால் மாம்பலத்துப் பெண்கள் மணி ஐந்தாயிற்று என்று உலை வைப்பார்கள். கருணாகரன் கொடுத்தால், "எந்தப் பாவி இப்பிடிக் கத்றான்" என்பார்கள். இதை அவரிடம் வந்து சொன்னது வேறு யாருமில்லை, அவர் தாலி கட்டிய மனைவி மீனாட்சிதான்.

தலைக்கு மேலே கம்பி போட்டு மின்சார எஞ்சின் வந்தது. பிறகு இருவரும் ரிட்டையர் ஆனார்கள். கருணாகரனுக்குத் தலை வெளுத்து, முன்பக்கம் காலியாகிவிட்டது. ஆதம்பாக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு போன அய்யாதுரைக்கு இன்னும் கருகருவென்று முடி. மை அடிக்கிறான் என்று கருணாகரன் மேற்கு மாம்பலம் முழுக்கச் சொல்லிப் பார்த்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை.

எழுபத்தைந்தாம் வருஷம் கருணாகரனின் மகள் ஜெயபாரதிக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. மாப்பிள்ளையின் அப்பா சண்முகவேல், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி. நகரில் ஜவுளிக் கடை வைத்திருப்பவர். பந்தியில் கை கழுவப் போன இடத்தில், தூணுக்கு அந்தப் பக்கம் சண்முகவேல் யாரிடமோ சொன்னது கருணாகரன் காதில் விழுந்தது.

"பொண்ணுக்கு அப்பா ரயில்ல கரி அள்ளிப் போட்டவராம்லா."

கரி அள்ளுகிறவர் ஃபயர்மேன். கருணாகரன் டிரைவர். இந்த வித்தியாசம் தெரியாதவன் வீட்டுக்கா பெண்ணைக் கொடுப்பது? இலைக்கு முன்னால் வந்து உட்கார்ந்ததும், கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார்.

"சம்பந்தி, நான் ஓட்டின எஞ்சின் இப்ப சைதாப்பேட்டை தாண்டி பழைய ஷெட்ல மியூசியமா நிக்குது. அதுல என் பேரே எழுதிகீது. ஞாயித்துக்கெழம வாங்க, காட்றேன்."

பொய் இல்லை. அந்தக் காலத்தில் ஓர் எஞ்சினை இரண்டே டிரைவர்கள் பொறுப்பில் விட்டு, அவர்கள் பெயரை எழுதி வைப்பது வழக்கம். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். பெயின்டர் குலாம் ரசூல் டப்பாவும் பிரஷ்ஷுமாக வந்த அன்று கருணாகரன் சாப்பாட்டுக்குக் கூடப் போகவில்லை. எழும்பூரில் வண்டி புறப்படும்போது ஜனங்கள் நிற்பது இடது பக்கம், ஆகையால் இடது பக்கம் தன் பெயர்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். குலாம் ரசூல் அய்யாதுரையிடம் போய்க் கேட்டார்.

"எந்தப் பக்கமா இருந்தா இன்னா பாய், எஞ்சின் ஒண்ணுதானே?" என்று சிரித்தாராம் அய்யாதுரை. ஜெயித்த சந்தோஷத்தையும் அந்தச் சிரிப்பு கெடுத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கருணாகரன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, மீனாட்சியோடும் சம்பந்தியோடும் போய் இறங்கினார். ஷெட்டில் நல்ல கூட்டம். அரிக்கேன் விளக்குகளும் சிவப்புப் பச்சைக் கொடிகளும் வெள்ளைக்காரன் காலத்து டிக்கெட் மெஷினும் சீட்டு ஒட்டி வைக்கப்பட்டிருந்தன. எதையும் பார்க்கவிடாமல் சம்பந்தியை நேரே எஞ்சினிடம் கூட்டிப் போனார். எஞ்சின் பளபளவென்று நின்றது. நான்கு மணிக்கு இரண்டு பெட்டிகளை மாட்டிக்கொண்டு அரை மைல் ஓடும் என்று போர்டு. பாய்லர் கொப்பரையில் லேசாகச் சூடு ஏறிக்கொண்டிருந்தது.

சண்முகவேல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"டிரைவர்... பி. அய்யாதுரை. என்ன சம்பந்தி, இதுல வேற ஆளு பேருல்லா இருக்கு?"

எஞ்சினை எப்படி நிறுத்தியிருக்கிறார்கள் என்பதைக் கருணாகரன் அப்போதுதான் கவனித்தார். இடது பக்கம் முழுக்கச் சுவரை ஒட்டி. வெளியே ஓடுகிற தண்டவாளத்திலும் அந்தப் பக்கம் காம்பவுண்டுச் சுவர்தான். எழும்பூர் ஜனத்துக்காகச் சண்டை போட்டு வாங்கிய பக்கத்தைப் பல்லியும் கரப்பானும் படித்துக்கொண்டிருந்தன.

"அந்தாண்ட பக்கம் கீது சம்பந்தி. இருங்க," என்று சுவருக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள சந்தில் நுழைந்தார். பாதி உடம்பு போனது, மீதி போகவில்லை. கழுத்தை வளைத்துப் பார்த்தார். தூசிக்குள் மஞ்சள் எழுத்து: டிரைவர் சி. கருணாகரன். "இருக்குது! வந்து பாருங்க!"

சண்முகவேல் தன் தொந்தியைப் பார்த்தார், சந்தைப் பார்த்தார். "இருக்கட்டும், விடுங்க சம்பந்தி. நீங்க சொன்னாப் போதாதா?" என்றார். அந்தக் குரலில் இருந்த இரக்கத்துக்கு, கரி அள்ளுகிறவன் என்றதே தேவலை.

"யாரு, கருணாவா?"

நீலச் சட்டை, கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை, கருகருவென்று முடி. அய்யாதுரை எஞ்சினிலிருந்து இறங்கி வந்தார். மியூசியம் திறந்தபோது எஞ்சினில் கண்ணுக்குத் தெரிந்த பெயரைப் பார்த்து விசாரித்து, ஞாயிறு தவறாமல் ஓட்ட அவரை அழைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்துப் பெயரை யார் பார்த்தார்கள்? சந்திலிருந்து உடம்பை உருவிக்கொண்டு கருணாகரன் வெளியே வந்தார். சலவைச் சட்டை முழுக்கக் கரி.

"நல்லாகீறியா? மீனாட்சிம்மா, சௌக்கியமா? இவரு?"

"சம்பந்தி," என்றார் கருணாகரன், வேறு வழியில்லாமல்.

"இவுரு பேரு அந்தாண்ட கீதாம், காட்டத்தான் உள்ள பூந்தாரு," என்று மீனாட்சி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவளை அப்படியே கொப்பரைக்குள் போட்டால் என்ன என்று கருணாகரனுக்குத் தோன்றியது.

அய்யாதுரை சட்டையில் இருந்த கரியைப் பார்த்தார். சம்பந்தியைப் பார்த்தார். நோட்டோடு வந்துகொண்டிருந்த மியூசியம் சூப்பர்வைசரிடம் போனார்.

"சார், மூணு மாசமா எஞ்சினு ஒரே பக்கமா ஓடிக்கினு கீது. சக்கரம் ஒரு பக்கமாத் தேஞ்சிடும். திருப்பி வெக்கணும்."

"இன்னிக்கேவா?"

"இன்னிக்குத் திருப்பினா நல்லது சார். கூட ஆளு கீது. இவுரும் இந்த எஞ்சின் டிரைவர்தான். என்னோட சீனியரு."

கருணாகரன் மூன்று மாதம் சீனியர், அவ்வளவுதான். சக்கரம் தேயும் என்பதும் உண்மைதான். ஆயிரக்கணக்கான மைல் ஓடினால். வாரம் அரை மைல் ஓடுவதற்குத் தேயுமா? சூப்பர்வைசருக்கு அது தெரியாது. இரண்டு டிரைவர்களுக்கும் தெரியும்.

வெளியே எஞ்சினைத் திருப்பும் வட்ட மேடை இருந்தது. அய்யாதுரை எஞ்சினை மெதுவாக அதன் மேல் ஏற்றி நிறுத்திவிட்டு இறங்கினார். மேடையின் கட்டையை ஒரு பக்கம் அவரும், எதிர்ப் பக்கம் கருணாகரனும் பிடித்துத் தள்ளினார்கள். சண்முகவேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானும் கை கொடுத்தார். கூட்டம் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. எஞ்சின் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. அய்யாதுரையின் பெயர் அந்தப் பக்கம் போய், கருணாகரனின் பெயர் வெயிலுக்கு வந்தது.

அய்யாதுரை வேஸ்ட் துணியை எடுத்து அந்தத் தூசியைத் துடைத்தும் விட்டார்.

"டிரைவர் சி. கருணாகரன்!" என்று சண்முகவேல் ஊருக்கே கேட்கிற மாதிரி படித்தார். "நான் வேற மாதிரில்லா நெனச்சிட்டேன். மன்னிச்சிருங்க சம்பந்தி." அப்படியே கை கூப்பிவிட்டார்.

கருணாகரனுக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு நிறைந்தது. ஒரே நிமிஷம். எஞ்சின் ஷெட்டுக்குள் திரும்பிப் போய் நின்றது. இப்போது சுவர்ப் பக்கம் இருந்தது அய்யாதுரையின் பெயர். கருணாகரன் அவரையே பார்த்தார். ஏதாவது ஓரத்தில் ஒரு வருத்தம், ஒரு பெருமூச்சு? மனுஷன் கையைத் துடைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார், தன் பெயர் எங்கே போயிற்று என்று திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அவன் இடத்தில் நான் இருந்தால் திருப்பியிருப்பேனா? கேள்வி தானாக வந்தது. பதில் அதைவிடச் சீக்கிரம் வந்தது. மாட்டேன். சந்துக்குள் அவன் மாட்டிக்கொண்டு முழிப்பதை, டீயைக் குடித்துக்கொண்டு பார்த்திருப்பேன்.

நான்கு மணி வண்டியில் சம்பந்தியை ஜன்னலோரம் உட்கார வைத்து அரை மைல் போய் வந்தார்கள். அய்யாதுரை கொடுத்த விசிலுக்குக் குழந்தைகள் கை தட்டின. சம்பந்தி தி. நகருக்கு பஸ் ஏறிய பிறகு, மாம்பலத்துக்கு வரும் மின்சார ரயிலில் மீனாட்சி கேட்டாள்.

"இப்பவாவது நிம்மதியா? உம் பேரை எல்லாரும் பாத்துட்டாங்களே."

கருணாகரன் சட்டையில் ஒட்டியிருந்த கரியைத் தட்டினார். அது போகவில்லை.

"இன்னா நிம்மதி?" என்றார். "இதுலயும் அவந்தான்டி முந்திக்கினான்."